மாமாவின் முடிவுகளுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்

இந்த மாலைநேர ஆங்கில வகுப்பின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, நாங்கள் தப்பும் தவறுமாய்ப் பேசுவதைத் தாயின் பொறுமையோடு தாங்கிக்கொள்ளும் ஆசிரியை அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியவர்களே! வீட்டு வேலையையும் முடித்து, வீட்டுப்பாடத்தையும் முடித்து வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

மைக்கை இறக்கச் சொல்கிறார்கள். இறக்கியாயிற்று. ஆள் குள்ளமாக இருந்தால் மைக் என்ன செய்யும், பாவம்.

என் அக்கா இந்த வகுப்பில்தான் படிக்கிறாள். அவள் கணவர், எங்கள் மாமா, தையல்கடை வைத்திருக்கிறார். கை சுத்தம், மனசு சுத்தம். முடிவு எடுப்பதில் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. ஒருநாள் தூறலில் வெள்ளையாக இருந்த கடைக் கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிடலாமா என்று அவரே யோசித்த நேரம், பக்கத்துச் சலூன்காரர் எட்டிப் பார்த்து, "மழையில பெயின்ட் அடிக்கிறியே, அறிவிருக்கா உனக்கு?" என்றார். அவ்வளவுதான். தூறல் பெருமழையானது, மாமா இரண்டாவது டப்பாவைத் திறந்தார். கதவு வெள்ளையாகவே இருந்தது, தெரு நீலமானது.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மாமா இருக்கிறார் போல.

இங்கே ஆசிரியை ஒரு வாரம் முழுக்க, யோசிக்காமல் எடுக்கும் முடிவுகளுக்கான வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தாராம். அவசரத்தில் எடுத்தால் ஹேஸ்டி. இன்றைக்கு மட்டும் பார்த்து நாளையைப் பார்க்காவிட்டால் ஷார்ட் சைட்டட். பாதி வெந்த யோசனை ஹாஃப் பேக்ட். ஆபத்து தெரிந்தும் துணிந்தால் ரெக்லெஸ். அடேயப்பா, ஒரு தப்புக்கு எத்தனை அளவுச் சட்டை!

அக்கா இதைக் கடையில் விளையாட்டாக்கினாள். தேநீர் வேளையில் யாராவது ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதற்கு வார்த்தை போட வேண்டும். தொப்பையுள்ள மாப்பிள்ளை ஒருவர் இறுக்கமான பேன்ட் கேட்டுவிட்டுப் போனார். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அம்மா ஊசியை நிறுத்தாமலே, "ரெக்லெஸ்" என்றார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்படியிருக்க, கடைக்கு முதல் பெரிய வேலை வந்தது. பேருந்து ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் சீருடை. கெட்டுப்போனால் கடையையே மூட வேண்டியதுதான். அந்தப் பருத்தித் துணியை நனைத்து, காயவைத்து, பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கிவிடும். ஆனால் வேலை கொடுத்த மேலாளர் அவசரப்படுத்தினார். நனைக்காமலே வெட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார் மாமா. மேசைமேல் அடுக்கடுக்காய்த் துணி; துணிமேல் சாக்பீஸ் கோடு; கையில் கத்திரி. கடையில் தையல் மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

திட்டினால் என்ன ஆகும்? தெருவையே நீலமாக்கியவர் திருந்துவாரா? வீம்புக்கு வெட்டுவார். அக்கா திட்டவில்லை. பக்கத்தில் போய் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, இந்த முடிவுக்கு எந்த வார்த்தை போடலாம்?"

மாமா கத்திரியைத் திறந்தபடியே யோசித்தார். "ஹேஸ்டி."

"அவசரம்னா ஹேஸ்டி. சுருங்கும்னு தெரிஞ்சே வெட்டினா?"

மாமா துணியைத் தடவிப் பார்த்தார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"ரெக்லெஸ்" என்றார். கத்திரியைக் கீழே வைத்தார். "தொட்டியில தண்ணி பிடிங்க."

பெரியோர்களே, தமிழில் வார்த்தை இல்லையா? அவசர முடிவு என்கிறோம், அரைகுறை யோசனை என்கிறோம், கண்மூடித்தனம் என்கிறோம். வார்த்தைக்கா பஞ்சம்? வாய் திறந்தால் நாம் முடிவைப் பார்க்கிறோமா, ஆளைப் பார்க்கிறோமா? ஆளைத்தான் அடிக்கிறோம். அடிபட்ட ஆள் தன் முடிவை விடுவானா? கட்டிப் பிடித்துக்கொள்வான். முடிவைத் தனியே எடுத்து மேசைமேல் வையுங்கள். அதற்குப் பெயர் வையுங்கள். ஆங்கிலத்தில் வையுங்கள், அழகு தமிழில் வையுங்கள். அதை எடுத்தவரே எட்டி நின்று பார்ப்பார், பார்த்தவர் கைவிடுவார்.

சீருடை கொஞ்சம் தாமதமாகத்தான் போனது. மேலாளர் கடைக்கே வந்து, "தாமதம் பண்ண முடிவெடுத்தியே, உனக்கு அறிவிருக்கா?" என்று கத்தினார். போச்சு, மாமா அடுத்த டப்பாவைத் திறக்கப்போகிறார் என்று பக்கத்தில் நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மாமா ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். என்னைத் திட்டாதீங்க, முடிவைத் திட்டுங்க. அது நல்ல முடிவு, எவ்வளவு திட்டினாலும் தாங்கும்."

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்குக் கைகூப்பி நன்றி. நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.