எர்ஷுன் வீட்டு முற்றத்தில் கட்டிய கோவேறு கழுதை

பெயர் ஹௌ ஜிங்தாங். வயது நாற்பத்தாறு. தகப்பனார் ஹௌ வான்லிங், காலமாகிவிட்டார். ஹெபெய் மாகாணம், பெய்வா கிராமம். பள்ளி ஆசிரியர், ஊர்க் கடன் சங்கத்தின் எழுத்தர். சீனக் குடியரசு பத்தொன்பதாம் ஆண்டு, பத்தாம் மாதம் ஒன்பதாம் நாள் விசாரித்தபோது கூறியது.

சங்கத் தலைவர் ஷாங் பிங்யாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தலைவர் தேர்தலில் எனக்கு இரண்டு வாக்குகள் விழுந்தன. ஒன்று நான் போட்டது. நகரத்து நிவாரணக் குழு சங்கத்தின் வழியாக உழவுக்கு மட்டுமே கடன் தரும். ஒருவர் தவறினால் உறுப்பினர் இருபத்தொருவரும் சேர்ந்து கட்ட வேண்டும்.

சென்ற வசந்தத்தில் உறுப்பினர் லூ எர்ஷுன், கோவேறு கழுதை வாங்குவதாக நாற்பது யுவான் பெற்று, நோயில் கிடந்த தாயாருக்குச் சவப்பெட்டி வாங்கிவிட்டார். தாயார் அதன் பலகையைத் தட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து எழுந்து உட்கார்ந்தார். இப்போது அதில் தினை கொட்டி வைத்திருக்கிறார்.

அதன் பிறகு நகரத்திலிருந்து சோதனை அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. ஷாங் என் வீட்டுக்கு வந்தார்.

"வாத்தியாரே, ஒரே ஒரு மத்தியானம். உங்க கோவேறு கழுதைய எர்ஷுன் வீட்டு முற்றத்துல கட்டுங்க."

"அது என்ன கல்யாண நகையா, இரவல் குடுக்க?"

"சங்கத்த மூடிட்டா பழையபடி அடகுக் கடைக்காரன் கால்லதான் விழணும். இருபத்தோரு வீடு ஐயா! படிச்சவரு நீங்க, ஊரு நாசமாப் போகட்டும்னா இருப்பீங்க?"

கட்டினேன். அதிகாரி பல்லைப் பிடித்துப் பார்த்து, வயது ஆறு, பழுப்பு நிறம், எர்ஷுனுக்குச் சொந்தம், கடனுக்கு ஈடு என்று சொல்லச் சொல்ல, நானே பதிவேட்டில் எழுதினேன்.

அதன் பிறகு அறுவடை பொய்த்தது. எர்ஷுன் மஞ்சூரியாவுக்கு ஓடிவிட்டார். ஷாங் பதிவேட்டைக் காட்டி, என் கொட்டிலிலிருந்து கழுதையைப் பிடித்துச் சென்றார். "உங்க எழுத்துதானே வாத்தியாரே? முத்து முத்தா இருக்கே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் பகலில், எல்லோரும் பார்க்க, நான் அதை அவிழ்த்து வந்தேன். திருட்டு என்று புகார் கொடுத்திருக்கிறார்கள்.

திருடினேன் என்று ஒப்புக்கொண்டால் பதிவேடு பொய்யென்று ஆகாது, சங்கம் பிழைக்கும் என்று ஷாங் நேற்று இந்தக் காவல் அறைக்கு வந்து சொல்லிப் போனார். இரவெல்லாம் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. நான் திருடவில்லை. இதைச் சொல்வதால் சங்கம் மூடப்படும், கடன் எல்லார் தலையிலும் விழும், என் பங்குக்கு முதலில் இந்தக் கழுதையைத்தான் பிடிப்பார்கள் என்பதை அறிவேன். பிடிக்கட்டும். ஹௌ ஜிங்தாங்கின் கழுதை என்று எழுதிப் பிடிக்கட்டும்.

எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. எழுத்துப் பிழைகள் இரண்டை நானே திருத்தினேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, சொன்னது உண்மை.

(ஒப்பம்) ஹௌ ஜிங்தாங்