ஓரம் அடிச்ச துணி

– கண்ணைக் கட்டுற துணிக்கு யாராவது ஓரம் அடிப்பாங்களா, மாஸ்டர்?

– அடிச்சா என்ன டைரக்டரம்மா? பிசிறு இல்லாம இருக்கும்ல.

– சுட்டுக் கொல்லப் போற சீன். பிசிறு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

– நடிக்கிறவங்க கண்ணுல நூல் போச்சுன்னா... என்னைத்தானே திட்டுவீங்க?

– அடேங்கப்பா, என்ன அக்கறை! சும்மா கிழிச்சுக் குடுத்தாப் போதும்னுதானே சொன்னேன்?

– கை கேக்கல. நாப்பத்தஞ்சு வருஷமா மிஷின்ல உக்காந்த கை...

– அப்போ ராணுவ ஆட்சி நடந்தப்பவும் நீங்க டெய்லர்தான்.

– டீ ஆறுதும்மா.

– ஆறட்டும். அப்போ யாருக்குத் தைச்சீங்க?

– ஸ்கூல் யூனிபாரம், தலகாணி உறை...

– ராணுவத்துக்கு?

– பட்டன் வைக்கிறது, காலர் மாத்துறது. அன்னிக்கு யார்தான் தைக்கல?

– இந்த மாதிரித் துணி?

– ... கண்ணாஸ்பத்திரிக்குன்னு சொன்னாங்க.

– கறுப்புத் துணியா? ஆஸ்பத்திரிக்கா?

– விடுங்கம்மா. வெளிய எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க, வெளிச்சம் போயிடும்...

– போகட்டும்! யாரையும் கொல்லல, காணாமப்போனவங்க எல்லாரும் எல்லை தாண்டி ஓடிட்டாங்கன்னு அரசாங்கம் இன்னிக்கும் சாதிக்குது. தெரிஞ்சவங்க ஒருத்தராவது வாயைத் திறக்கலன்னா, என் படத்தைக் கட்டுக்கதைன்னு சொல்லித் தடை பண்ணிடுவாங்க. எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?

– அந்தத் துணியே ஒரு மூட்டை... திரும்பி வந்துச்சு. துவைச்சு, கிழிசலைத் தைச்சுத் தரணும்னு.

– அப்புறம்?

– முடிச்சுல தலமுடி சிக்கியிருந்துச்சும்மா.

– அதுக்கப்புறமும் தைச்சீங்களா?

– தைச்சேன். மாட்டேன்னா எனக்கும் அதே துணிதான். பயந்துட்டேன். ஓரமாவது அடிச்சுக் குடுப்போம், கடைசி நேரத்துல கண்ணு உறுத்தாம இருக்கட்டும்னு... அதுக்கு மேல எனக்குத் துப்பில்ல.

– இந்தத் துணியைப் பாருங்க.

– இது... எங்க கிடைச்சுது?

– ஊருக்கு வெளிய இருக்கிற கல்குவாரிக்குப் பின்னால. திருட்டுத்தனமாத் தோண்டினோம். போலீஸ் வந்து எலும்பையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க. இதை மட்டும் உள்ளங்கையில மறைச்சுக்கிட்டேன். எங்கப்பா சட்டையோட கிடந்துச்சு, அவர் கண்ணுல கட்டினது.

– ஐயோ...

– மூலையில தையல் மூணு தடவை திரும்பி வருது பாருங்க. இன்னிக்கு நீங்க தைச்சதுலயும் அப்படித்தான். இந்தக் கையைத் தேடித்தான் டெய்லருங்களைக் கூப்பிட்டேன். நடிகர் கண்ணுக்காக இல்ல. ஆறு பேர் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க ஏழாவது.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– அந்த ஆறு பேரும் என் கடையிலதான் வந்து சிரிச்சாங்க. கிழிச்ச துணியோட ஓரத்தையே அந்தம்மா திருப்பித் திருப்பிப் பாக்குறாங்கன்னு. நானும் கிழிச்சுக் குடுத்திருந்தா வீட்டுக்குப் போயிருப்பேன்... வாயால சொல்லத் தைரியம் வரலம்மா. நீங்களே கண்டுபிடிக்கட்டும்னுதான் ஓரம் அடிச்சேன். கேமராவை எடுத்துட்டு வாங்க.