ஸ்டென்ஸ்ருட் வீட்டுப் படகு

பழைய அலுமினியப் படகு வாங்குகிறவர்கள் அதைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார்கள். அது தவறு, தம்பி. படகுக்குள் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். டிரெய்லர் வண்டியில் நிற்கும்போதே தோட்டக் குழாயைப் போட்டு நிரப்பிவிட்டு அடியில் குனிந்து பார்த்தால் போதும். உள்ளே ஊற்றிய தண்ணீர் தகடுகளைப் பிணைக்கும் எந்த ரிவெட் ஆணி வழியாகச் சொட்டுகிறதோ, அதே வழியாகத்தான் நாளைக்கு ஏரி உள்ளே வரும். யார் கேட்டாலும் இதைச் சொல்லிக்கொடுப்பேன். என் படகை வாங்கிய வெண்டல் ராஸ்க் கேட்கவில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. ஹால்வர் ஸ்டென்ஸ்ருட் என்கிற நான் இந்த ஷெரீப் போலீஸ் ஆபீஸுக்குத் தானாக வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர்க் காபிக்கடைச் சுவரில் பாடம் செய்து மாட்டியிருக்கும் ட்ரவுட் மீனைப் பார்த்திருப்பீர்கள். என் அப்பா பிடித்தது. இந்த ஏரியில் அதைவிடப் பெரியதை இதுவரை யாரும் பிடிக்கவில்லை. மீனுக்குக் கீழே பித்தளைத் தகட்டில் எங்கள் குடும்பப் பெயர் இருக்கிறது. சென்ற இலையுதிர் காலத்தில் தேவாலய விருந்தின்போது, உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே வெண்டல் சொன்னான்: "அது தூண்டில்ல வந்த மீன் இல்லப்பா. கிழவன் வலை போட்டுத்தான் பிடிச்சிருப்பான்." இந்த ஏரியில் வலை போடுவது திருட்டுக்குச் சமம். மேசையில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. நான் அவன் பக்கம் வெண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். எங்கள் மின்னசோட்டா மாநிலத்தில் சண்டை அப்படித்தான் தொடங்கும்.

வசந்தத்தில் பனி உருகியதும் அவனே என் வாசலில் வந்து நின்றான். அப்பா அந்த மீனைப் பிடித்த படகே அவனுக்கு விலைக்கு வேண்டுமாம். அதே படகில் போய், அதைவிடப் பெரிய மீனைப் பிடித்து, அதே சுவரில் மேலே மாட்டுவானாம். இதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு வேறு படகு இருந்தது, கொடுக்கிறேன் என்றேன். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன், கொஞ்சம் துடைத்து வைக்கிறேன் என்று.

வந்தான். மோட்டார் தொங்கும் பின்பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது சரியான முறை. உள்ளே மரம் உளுத்திருந்தால் ஆடும். ஆடவில்லை. பிறகு மண்டியிட்டான்.

"அடியில கொஞ்சம் பாத்துக்கட்டுமா, பெரியவரே?"

"தாராளமா பாரு. உங்கப்பாவும் அப்படித்தான். கல்யாணத்தன்னைக்கு மோதிரத்தையே கடிச்சுப் பாத்த ஆளு."

அவன் காது சிவந்தது. அந்த நேரத்தில் என் மனைவி ஆர்டிஸ் எட்டிப் பார்த்தாள். "காபி போட்டிருக்கேன், வாங்க."

"வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"ஒரு வாய்தானே."

"இல்லீங்க, கிளம்பணும்."

"கேக்கு வேற வெட்டிட்டேன்."

எங்கள் ஊரில் எதையும் மூன்று முறை கேட்க வேண்டும்; முதல் இரண்டு முறை மறுப்பது மரியாதை, மூன்றாவது முறை கேட்டால் மறுக்கக் கூடாது. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். ஒருவர் வீட்டில் காபி குடித்துவிட்டு, அவர் படகின் அடியில் போய்த் தலையை நுழைப்பவன் இந்த மாவட்டத்தில் பிறக்கவில்லை. "ஸ்டென்ஸ்ருட் வீட்டுப் படகுல பாக்க என்ன இருக்கு," என்றான் வெண்டல். அந்த வார்த்தைக்காக இன்றும் அவனை மதிக்கிறேன்.

இருக்கைகளைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். அடியில் வெள்ளை நுரைப்பலகை இருக்கும். அது இருந்தால் படகு நிரம்பினாலும் முழுகாது. பழைய படகுகளில் அது நீரை உறிஞ்சிக் கனத்துப்போயிருக்கும், அதனால் தொட்டுப் பார்ப்பது நல்லது. இந்தப் படகில் அது நனைந்திருக்கவில்லை. இருந்தால்தானே நனையும்.

மீன்பிடிப் பருவம் தொடங்கிய காலையில் ஏரியில் நல்ல கூட்டம். பனி போய் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது; அந்தத் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை வலிக்கும். நடு ஏரியில் வெண்டல் நேராக நின்றுகொண்டிருந்தான். படகு வழக்கத்தைவிடத் தாழ்வாகத் தெரிந்தது. நான் மோட்டாரைக் குறைத்துப் பக்கத்தில் போனேன்.

"எப்படிப் போகுது வெண்டல்?"

"மோசமில்ல, பெரியவரே."

"தண்ணி ஏதோ உள்ள வந்த மாதிரி இருக்கே."

"கொஞ்சந்தான். முழங்கால்தான் நனையுது."

"கயிறு போடவா?"

"ஐயோ வேண்டாங்க. மீன் கடிக்கிற நேரம், உங்க பொழப்பைப் பாருங்க."

"நிஜமாவே வேண்டாமா?"

"நான் சமாளிச்சுக்குவேன்."

அவன் பற்கள் கிட்டித்திருந்தன. எங்கள் ஊரில் எதையும் மூன்று முறை கேட்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. நான் இரண்டு முறை கேட்டேன். பிறகு தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு வடகரைப் பக்கம் போனேன். அன்று எனக்கு நல்ல மீன் கிடைத்தது.

அந்த வழியாக வந்த வேறு நான்கைந்து படகுக்காரர்களும் அவனை விசாரித்தார்களாம். எல்லோரிடமும் மோசமில்லை என்றே சொல்லியிருக்கிறான். கடைசியில் படகு முழுகியதும் அவனை இழுத்துப் போட்டவர்கள் சிகாகோவிலிருந்து வந்த ஒரு தம்பதி. மரியாதை தெரியாதவர்கள், ஒரு வார்த்தை கேட்காமல் சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்களாம். மிதவைச் சட்டை போட்டிருந்ததால் தலை தண்ணீருக்குமேல் இருந்தது, உயிரும் மிஞ்சியது. ஆஸ்பத்திரியிலும் வெண்டல் என்மேல் குறை சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

இதெல்லாம் இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் இன்று காலை காபிக்கடையில், எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு பேசினார்கள்.

"ஸ்டென்ஸ்ருட் வீட்டுல படகை அப்படியே துருப்பிடிக்க விட்டிருக்காங்கப்பா."

"அலுமினியம் எங்கடா துருப்பிடிக்கும்?"

"ஏதோ ஒண்ணு. கவனிப்பு இல்ல. கிழவனுக்கு வயசாயிடுச்சு."

தலைக்குமேல் அப்பாவின் மீன் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்து இப்படிப் பேசுகிறார்கள். நான் பாதிக் கோப்பையை வைத்துவிட்டு நேரே இங்கே வந்தேன்.

அந்தப் படகை நாங்கள் ஒரு குளிர்காலம்கூட வெளியில் போட்டதில்லை. ஆண்டுதோறும் ரிவெட் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்திருக்கிறேன். தானாக ஒரு சொட்டுக்கூட ஒழுகாத படகு அது. அடியில் ஆறு ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்தது நான். மோட்டார் அதிர்வில் நடு ஏரிக்குப் போன பிறகே உதிரட்டும் என்று மெழுகை அடைத்து, மேலே பெயின்ட் பூசியது நான். நுரைப்பலகையை எடுத்து என் கோழிக்கூண்டுக்குக் குளிர்காப்பாக வைத்ததும் நான்தான், போய்ப் பாருங்கள்.

எங்கள் குடும்பத்தில் எவனும் படகைக் கவனிக்காமல் விட்டதில்லை என்பதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. ஆளைக் கொல்லப் பார்த்தேன் என்பதை அதற்குக் கீழே எழுதினால் போதும்.