கறுப்புப் பூச்சு

— அழணும்னா அழுதுடு, டாக்டரம்மா. லெட்டரை மட்டும் நனைச்சுடாத. மேனேஜர் மறுபடியும் எழுதச் சொல்வார்.

— கேலி பண்ணாதீங்க. நாலு வருஷமா நான் பாத்துப் பாத்துச் செஞ்ச கேபிள் பூச்சுக் கலவை, டெஸ்ட்ல நாலு மணி நேரம் தாங்கல. 'தோத்துடுச்சு, இதோட நிறுத்திக்கறேன்'னு என் கையாலயே எழுதித் தரணுமாம்.

— நேத்து உங்கம்மா போன்ல கேட்டாங்க. செம்புக்கம்பி மேல கறுப்பு பூசறதுக்கா என் பொண்ணு இத்தனை படிச்சான்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— கம்பிக்கும் மேல இருக்கற பிளாஸ்டிக்குக்கும் நடுவுல சண்டை வராம பாத்துக்கற உத்தியோகம், மாமியார் மாதிரின்னேன். உடனே போனை வெச்சுட்டாங்க.

— சும்மா இருங்க. அந்தப் பூச்சு வழவழன்னு இருக்கணும். மணி மாதிரி ஒரு சின்னக் கட்டி துருத்திக்கிட்டு நின்னாலும் மின்சாரம் அங்கயே போய் முட்டும், கேபிள் வெடிச்சுடும். வெடிச்ச இடத்தை வெட்டி மைக்ராஸ்கோப்ல பாத்தேன். கடுகுல கால்வாசி, கருகின மணி. அது என் கலவையில வராது. நீங்க ஓட்டற மெஷின்ல இருந்துதான் வந்திருக்கு.

— வந்துட்டியா என்கிட்ட. வீட்டுல பால் பொங்கினாலும் நான்தான் காரணம்.

— கம்பெனியோட பழைய கலவை சூடு தாங்காது, மெஷின் வாயில கரியா அப்பிக்கும். அதை ஓட்டி முடிச்சுட்டு, என்னோடதை ஓட்டறதுக்கு முன்னாடி வாயைக் கழுவினீங்களா, இல்லையா?

— எங்க கழுவ விட்டார்? மேனேஜர் பின்னாலயே நின்னு 'நிறுத்தாத, ஓட்டு'ன்னு உயிரை வாங்கிட்டார்.

— அப்ப பழசோட கரிதான் என் கேபிள்ல ஒட்டியிருக்கு. கட்டின புருஷனே தலையில கல்லைப் போட்டுட்டீங்களே.

— இரு, இரு. புதுசு போச்சுன்னு மேனேஜர் சொன்னதை நானும் நம்பிட்டேன். ரெண்டு டிரம் கேபிள் சுத்தி அனுப்பினேனே, வெடிச்சது எத்தனாவது டிரம்?

— ரெண்டாவது. முதல் டிரம், பழசு, டெஸ்ட் ரூம் உள்ள அசையாம நிக்குது. வோல்டேஜை இன்னும் ஏத்திக்கிட்டே இருக்காங்க.

— டாக்டரம்மா, பேனாவை மூடி வை.

— ஏன்?

— மேனேஜர் குடுத்த வேலைச் சீட்டுல பழசு முதல்ல, புதுசு ரெண்டாவதுன்னுதான் எழுதியிருந்தது. நடுவுல கழுவ விடமாட்டார்னு எனக்குத் தெரியாதா? புதுச் சரக்கு வந்தா, மெஷின் வாய் சுத்தமா இருக்கும்போதே அதைத்தான் முதல்ல விடுவேன். இருபது வருஷப் பழக்கம்.

— அப்ப சீட்டு?

— சீட்டு எழுதினது மேனேஜர், மெஷினை ஓட்டினது நான். உள்ள இன்னும் வெடிக்காம நிக்குதே, அது உன் கலவை.