ரோல் போடாத கேமரா

ஃபைஸா: வேணாம்ணே. இந்தச் சின்னக் கேமராவே போதும்.

ஹாதி: மறுபடியும் அதையே சொல்ற. ஒரு வருஷமா போன்ல என்ன சொன்ன? "அண்ணே, லென்ஸக் கழட்டி மாட்டுற கேமராதான் வேணும், வெளிச்சத்த நாமளே கூட்டிக் கொறச்சு வச்சாத்தான் கத்துக்க முடியும்"னு...

ஃபைஸா: சொன்னேன்.

ஹாதி: துபாய்ல எத்தன கடை ஏறி எறங்குனேன் தெரியுமா? மொதமொதல்ல கத்துக்கறவங்களுக்கு இந்தப் பெருசவிட நல்ல வாத்தியாரு கெடையாதுன்னு கடைக்காரனே சொன்னான். கையில எடுத்துப் பாரு.

ஃபைஸா: கனமா இருக்கு.

ஹாதி: இடுப்புல தண்ணிக்கொடம் தூக்குறவளுக்கு இது கனமா? கண்ணுகிட்ட வையி. அந்த வளையத்தத் திருப்பு. மொதல்ல மங்கலாத் தெரியும், அப்பறம்...

ஃபைஸா: அப்பறம் தெளிஞ்சு வரும். தெரியும்.

ஹாதி: எப்படித் தெரியும்?

ஃபைஸா: நீங்கதான போன்ல சொன்னீங்க?

ஹாதி: நான் எங்க சொன்னேன்? எனக்கே கடையிலதான் காட்டுனாங்க.

ஃபைஸா: அப்ப... நந்தினி சொல்லியிருப்பா.

ஹாதி: எந்த நந்தினி?

ஃபைஸா: எங்கூட எட்டாவது வரைக்கும் படிச்சாளே, வேப்பந்தட்டைக்காரி. அவங்க மாமா கேமரா வச்சிருக்காரு.

ஹாதி: மாமாவா... அவரு இங்க வந்திருக்காரா? நம்ம வூட்டுக்கு?

ஃபைஸா: அவரு எதுக்குண்ணே இங்க வராரு? என்னென்னமோ கேக்குறீங்க.

ஹாதி: சும்மாதான் கேட்டேன். அதுக்கு நீ ஏன் கேமராவக் கீழ வச்சுட்ட?

ஃபைஸா: உங்க கூட்டாளி அனஸ் அண்ணன் எப்ப வராரு?

ஹாதி: சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வண்டியோட வந்துருவான். வேணாங்கறத எடுத்துட்டுப் போயி திருச்சியில வித்துருவான். அதுக்குள்ள சொல்லிரு. பெருசா, சின்னதா?

ஃபைஸா: சின்னது. அதுல பிலிம் ரோல் போட வேணாம்ல?

ஹாதி: வேணாம். ஆனா அது விளையாட்டுச் சாமான் மாதிரி ஃபைஸா. எல்லாத்தையும் அதுவே பண்ணிக்கும். நீ என்னத்தக் கத்துக்குவ?

ஃபைஸா: எடுத்ததும் பின்னாடியே பாத்துக்கலாம். தப்பா வந்தா அழிச்சுட்டு மறுபடி எடுக்கலாம். அப்படிக் கத்துக்கறேன். எந்தக் கடையிலயும் கழுவக் குடுக்க வேணாம்.

ஹாதி: கழுவக் குடுத்தா என்ன?

ஃபைஸா: கலியாண வூட்டுல பொம்பளைங்க பக்கம் எடுக்கணும்னுதான நான் கத்துக்கறதே? அந்த ரோல எந்தக் கடையிலண்ணே கழுவுவேன்? அங்க இருக்கறது பூராம் ஆம்பளைங்க.

ஹாதி: சரிதான். ஆனா இந்த யோசன போன வருஷம் இல்லயே. திடீர்னு எங்கேருந்து வந்துச்சு?

ஃபைஸா: வந்துச்சு... அவ்வளவுதான்.

ஹாதி: ஃபைஸா, என்னப் பாத்துப் பேசு.

மர்ஜியா: அண்ணனும் தங்கச்சியும் என்ன பஞ்சாயத்து? டீ ஆறிப் போவுது.

ஹாதி: வச்சுட்டுப் போ.

மர்ஜியா: வந்து மூணு நாளாச்சு. "வச்சுட்டுப் போ", "அப்பறம் சாப்புடுறேன்", "தூக்கம் வருது"... மத்த பேச்செல்லாம் துபாயிலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?

ஃபைஸா: மச்சி, நீங்க உள்ள போங்க.

மர்ஜியா: நான் வந்ததும் ஏன்டி வெரட்டுற? உங்கண்ணனக் கட்டிக்கிட்டு வந்தவ, எனக்கும் பாக்கத் தெரியும். என்னங்க, அந்தப் பெருசையே அவகிட்டக் குடுங்க. ஒரே ஒரு தடவதான் எடுத்தா, அன்னிக்கே என்னமா...

ஃபைஸா: மச்சி!

ஹாதி: என்னைக்கு?

மர்ஜியா: ஆ?

ஹாதி: என்னைக்கு எடுத்தா? யார எடுத்தா?

மர்ஜியா: அது... எதுக்கு இப்படிக் கத்துறீங்க? ஏதோ வாய் தவறி வந்துருச்சு. அவளையே கேட்டுக்குங்க. அடுப்புல பால் இருக்கு, நான் போறேன்.

ஹாதி: கதவச் சாத்திட்டு வா ஃபைஸா.

ஃபைஸா: அண்ணே...

ஹாதி: சாத்திட்டு வா. ரெண்டு பேரும் சேந்து எத மறைக்கிறீங்க?

ஃபைஸா: மச்சி ஒண்ணும் மறைக்கல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல.

ஹாதி: தப்புன்னு நான் சொன்னேனா? நீயா ஏன் சொல்ற?

ஃபைஸா: சொல்லிட்டா எனக்குக் கேமராவே கெடையாதும்பீங்க.

ஹாதி: சொல்லலன்னா மட்டும் கெடச்சுருமா? இப்பவே ரெண்டையும் பொட்டியில போட்டு மூடிருவேன்.

ஃபைஸா: பள்ளிக்கொடத்த நிறுத்துன நாள்லேருந்து உங்ககிட்ட நான் வேற ஏதாவது கேட்டேனா? சேலையா, வளையலா? இது ஒண்ணுதானண்ணே கேட்டேன்...

ஹாதி: அழுவாத. அழுவாம சொல்லு.

ஃபைஸா: மச்சிய ஒரு வார்த்த கேக்கக் கூடாது. அல்லா மேல ஆணையா.

ஹாதி: கேக்கல. சொல்லு.

ஃபைஸா: பெருநாளைக்கு மறுநா நந்தினி அவங்க மாமா கேமராவ வாங்கியாந்தா. எப்படி எடுக்கறதுன்னு எனக்குக் கத்துக் குடுத்தா. மச்சிய ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பலாம்னு...

ஹாதி: எனக்கா?

ஃபைஸா: பின்ன யாருக்கு? கவர் பிரிச்சதும் நீங்க அசந்துரணும்னு மச்சிதான் உங்ககிட்டச் சொல்ல வேணாம்னாங்க. பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஸ்டுடியோ. அங்க கழுவக் குடுத்தோம். நெகட்டிவ், படம் எல்லாம் சரியாத்தான் கைக்கு வந்துச்சு.

ஹாதி: அப்பறம் ஏன் எனக்கு வரல?

ஃபைஸா: அனுப்பறதுக்குள்ள நந்தினி மறுபடி அந்தப் பக்கம் போயிருக்கா. ஸ்டுடியோ மேசக் கண்ணாடிக்கு அடியில மச்சி படம்ணே. வர்றவன் போறவன் பாக்கற மாதிரி. கூட ஒரு காப்பி போட்டு வச்சிருக்கான் அந்த ஆளு. நந்தினி சண்ட போட்டுருக்கா. முதலாளி வரட்டும்னுட்டான். மறுநா போயிப் பாத்தா காப்பியக் காணோம். எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்னு பல்ல இளிக்கிறானாம்.

ஹாதி: மர்ஜியாவுக்குத் தெரியுமா?

ஃபைஸா: தெரியாது. ரோல்ல வெளிச்சம் பட்டு வீணாப் போச்சுன்னு சொல்லிட்டேன். கையில இருந்ததையெல்லாம் அடுப்புல போட்டுட்டேன். ஆனா அந்த ஒண்ணு... எவன் கையில இருக்கோ, என்ன சொல்லிக் காட்டுறானோன்னு சோறு எறங்கலண்ணே எனக்கு. மச்சி மொகத்தப் பாக்கவே முடியல.

ஹாதி: எடுக்கும்போது யார் யாரு இருந்தீங்க?

ஃபைஸா: நான், நந்தினி, மச்சி. கொல்லையில வச்சுத்தான் எடுத்தோம்.

ஹாதி: வேற யாரும் இல்ல?

ஃபைஸா: கோழி இருந்துச்சு. வல்லாஹி, அல்லா மேல சத்தியமா வேற யாரும் இல்ல.

ஹாதி: அப்ப மர்ஜியா யாரப் பாத்து அப்படிச் சிரிச்சா?

ஃபைஸா: என்னப் பாத்துத்தான். நிக்காஹ் அன்னிக்கு நீங்க பள்ளிவாசல்லேருந்து ஒரு கால்ல உங்க செருப்பும் ஒரு கால்ல ஓதி வச்ச ஹஜரத்து செருப்புமா பொண்ணு வூட்டுக்கு வந்து நின்னீங்கள்ல, அத நடந்து காட்டுனேன். மச்சிக்குச் சிரிப்பு தாங்கல. முக்காடு நழுவுனதுகூடத் தெரியல. அப்பப் பாத்து அமுக்கிட்டேன்... அண்ணே.

ஹாதி: ம்.

ஃபைஸா: மச்சி சிரிச்சாங்கன்னு நான் சொல்லவேயில்லயே? உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஹாதி: பாங்கு சொல்றாங்க பாரு. அனஸ் வந்துருவான். அந்தச் சின்னத எடுத்து உன் அலமாரியில வையி. அது உனக்குத்தான்.

ஃபைஸா: நெசமாவா? என்மேல கோவம் இல்லயா? எங்கண்ணே எந்திரிச்சுட்டீங்க... அண்ணே, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன்.

ஹாதி: துபாய்ல எங்க ரூமுக்குப் புதுசா வந்த பய அந்தப் படத்தப் பொட்டி மூடியில ஒட்டி வச்சிருந்தான். யாருன்னு அவனுக்கே தெரியாது, பெரம்பலூருல கெடச்சுதுன்னான். எம் பொண்டாட்டின்னு சொல்ல வாய் வரல எனக்கு. ராவோட ராவா பிச்சு எடுத்துட்டேன், இந்தா, சட்டப்பையிலதான் இருக்கு... முக்காடு நழுவ எவன் எதிர்ல நின்னு இவ இப்படிச் சிரிச்சான்னு கண்டுபுடிக்கத்தான், ஃபைஸா, உன் கேமராவச் சாக்கு வச்சுக்கிட்டு நான் ஊருக்கே வந்தேன்.