அம்மன் வராத கடைசிக் காட்சி

அறுபதுகளில் ஒரு காலை. விசுவமடுவில் இருந்து பரந்தனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

"அம்மனை நிப்பாட்டிப்போட்டா, அண்ணை."

"ஆர்?"

"எங்கடை நாடகத்திலை நடிக்கிற காது கேளாத பிள்ளை. அவவைப் பாக்கத்தானே அக்கராயனிலையிருந்தும் சனம் வண்டில் கட்டிக்கொண்டு வருது. இந்தமுறை கதையிலையும் அவா ஊமைப் பெண். கடைசியிலை அம்மன் வந்து பேச்சுக் குடுக்கிறா."

"சனம் அழுகிற இடமல்லோ!"

"ஓம். அதை நடிக்கமாட்டாவாம். தன்னைப்போலப் பிள்ளையளை வைச்சிருக்கிற தாய்மாரும் நாடகம் பாக்க வருவினமாம். உந்தக் காட்சியைப் பாத்தால் பிள்ளையைக் கோயில் கோயிலாய்க் கொண்டு திரிவினமே ஒழிய, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டினம் எண்டு கையாலை சொன்னா. தமக்கைதான் எங்களுக்கு விளங்கப்படுத்தினா."

"அப்ப முடிவு?"

"புருசன்காரன் அவவோடை கையாலை கதைக்கப் பழகிறான். அதோடை திரை விழுகுது."

"நல்லாத்தானே இருக்கு. பிறகேன் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறாய்?"

"புருசன் வேஷம் நானல்லோ!"

அவர் மடியில் கிடந்த பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் ஏதோ சொல்லிக் காட்டினார். பாதியிலேயே விரல்கள் சிக்கிக்கொண்டன.

"நேற்று ஒத்திகையிலை அவா விழுந்து விழுந்து சிரிச்சா. என்ரை கை கொன்னை தட்டுதாம், திக்கித் திக்கிக் கதைக்குதாம். அம்மன் அருள் குடுக்கிறதெண்டால், அண்ணை, இனி எனக்குத்தான் குடுக்கோணும்."