ஆடும் ஆளும் பிரிஞ்ச இடம்

உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பால்பல் முளைக்காமல் கிடந்த காலம் அது. மேற்கே மலைக்கும் கிழக்கே கடலுக்கும் நடுவில், சேங்கரைப்பட்டி என்று ஓர் ஊர் இருந்ததாம். ஆட்டுக்காரர்களின் ஊர். மழைக்கு அந்த ஊருக்கு வருகிற வழியே மறந்துபோச்சாம். எப்படி மறந்தது என்றால், அங்கே நடை பழகிய பிள்ளைகள் ஒருநாள் ஒரு துண்டு மேகத்தைப் பார்த்துவிட்டு, வானத்தில் என்னமோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று பயந்து அழுதார்களாம். ஊருணித் தவளையைப் பிடித்துத் தண்ணீர்க் குடத்தில் போட்டால், மூச்சு முட்டி வெளியே தாவி ஓடுமாம்.

நம்பவில்லையா? சரி, தவளையைத் தள்ளிவிடுங்கள். மீதியைத் தள்ள முடியாது.

குடிக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும் ஊரே கிளம்பியது. ஆட்டை முன்னால் விட்டு, ஆள் பின்னால் நடந்து, வடக்கே எங்கேயோ தண்ணீர் ஓடுகிற ஆற்றைப் பார்க்கப் போனார்களாம். கூட்டத்துக்குத் தலைவர் வேலாண்டி கீதாரி. கீதாரி என்றால் அவர் கம்பு நீளுகிற பக்கம் ஆடும் போகும், ஆளும் போகும்.

போகிற வழியில் முதலில் விழுந்தது கீதாரியின் தம்பி இருளப்பன். கீதாரி நின்றார், பார்த்தார், கம்பை முன்னால் நீட்டினார். அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார்.

"இனிமே எவன் விழுந்தாலும் நிக்கக்கூடாது. பின்னால இருந்து எந்தக் குரல் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. விழுந்தவன் கூப்பிட மாட்டான். அவன் தொண்டைக்குள்ள பூந்துக்கிட்டு வேற ஒண்ணு கூப்பிடும். திரும்புனா தீந்துச்சு."

நடந்தார்கள். பின்னாலிருந்து கூப்பிடவும் செய்தது. வெட்டவெளியில், உச்சி வெயிலில், கானல் நெளிகிற நேரத்தில் கூப்பிட்டதாம். அண்ணே என்றதாம். ஆத்தா என்றதாம். காதில் துணியை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். ஒவ்வொரு நாளும் குரல் கூடியது, கூட்டம் குறைந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் ராக்கு இருந்தாள். சோணையின் பெண்சாதி. அவளுக்குப் பின்னால் நடந்தவள் சோணையின் தாய் மூக்காயி. மாமியாரும் மருமகளும் ஒருத்திக்கொருத்தி நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. ராக்குவின் அப்பன் கல்யாணச் சீராக ஒரு கருப்பு ஆடு கொடுத்தான். அது கடைசிவரை ஈனவே இல்லை. ராக்குவுக்கும் வயிறு திறக்கவில்லை. மூக்காயிக்கு வேறென்ன வேண்டும்? "மலட்டாட்டுக்காரி" என்றே பேர் வைத்துவிட்டாள். பஞ்சத்தில் அந்த ஆட்டை அடித்துத் தின்றபோதுகூட, எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "கசக்குதுடி, ஒன்னைய மாதிரி" என்றாளாம். ராக்கு விடுவாளா? "கசக்கிறதை ஏன் ரெண்டாந்தரம் வாங்குன, கெழவி?" என்றாளாம்.

நடையிலும் சண்டை ஓயவில்லை. கூட்டத்தில் மற்றவர்கள் மூச்சை மிச்சம் பிடிக்க, இவர்கள் இரண்டு பேரும் செலவழித்தார்கள். அப்படி ஒருநாள் சாயங்காலம் மூக்காயி ஒரு வார்த்தை சொன்னாள்.

"நான் விழுந்தா எம்மகன் இருக்கான், மனசுக்குள்ளயாவது கூப்பிடுவான். நீ விழுந்தா? ஆத்தான்னு ஒன்னைய கூப்பிட ஒரு சீவன் உண்டாடி?"

ராக்குவுக்குப் பதில் வரவில்லை. அவள் ஆயுசில் முதல்தடவையாக வாய் அடைத்துப் போனாள். விடிய விடிய யோசித்தாளாம். காலையில் நடக்கும்போதும் யோசித்தாளாம். உச்சிப்பொழுதில் சரியான பதில் கிடைத்துவிட்டது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

பின்னால் சத்தமே இல்லை.

முணுமுணுப்பு இல்லை. வசவு இல்லை. காலை இழுத்து இழுத்து நடக்கிற சரசரப்பும் இல்லை.

"ஏங்க, ஒங்க ஆத்தா விழுந்துருச்சு."

சோணை திரும்பவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. காதில் துணியை இன்னும் ஆழமாகத் திணித்தான். ராக்கு ஓடிப்போய்க் கீதாரிக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, அத்தையைக் காணோம்."

"நட ஆத்தா."

"கூப்பிட்டுப் பாக்குறேன் மாமா."

"ஆட்டைப் பாரு ஆத்தா. விழுந்ததைத் திரும்பிப் பாக்குதா? குட்டி செத்தா மடியில பால் இருக்கிற மட்டும் கத்தும். பால் வத்துனா மறந்துரும். அதனாலதான் அது பொழைக்குது. நம்மளும் பொழைக்கணும்னா அது மாதிரி நடக்கணும்."

ராக்கு சொன்னாளாம்: "எனக்குத்தான் பாலே ஊறலையே மாமா. வத்துறதுக்கு என்ன இருக்கு?"

கீதாரி கம்பை வடக்கே நீட்டினார். ராக்கு அவரைப் பார்த்து, "நேத்துச் சொன்னதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல. அந்தக் கெழவி பாட்டுக்கு என்னைய ஊமையாக்கிட்டுச் சாகலாம்னு பாக்குறா" என்றாள். திரும்பினாள். நடந்தாள்.

ஆடு வடக்கே போனது. ஆளும் வடக்கே போனது. ராக்கு ஒருத்தி மட்டும் தெற்கே போனாள்.

போகிறாள், போகிறாள், வெயில் உருகி ஓடுகிற பொட்டலில் போகிறாள். ஒரு மரம் இல்லை, ஒரு குருவி இல்லை. நின்று கூப்பிட்டாள்.

"அத்தே...!"

பதில் உடனே வந்ததாம். மேற்கே, கானலுக்குள்ளே இருந்து.

"ராக்கு... கண்ணு... வாம்மா. இங்கதான் இருக்கேன். தண்ணி இருக்கு தாயி. குளுகுளுன்னு இருக்கு, வா."

மூக்காயியின் குரலேதான். ராக்குவின் கால் தானாக அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. அப்புறம் நின்றது. கண்ணா? தாயியா? மூக்காயி அவளை எந்தக் காலத்தில் கண்ணு என்று கூப்பிட்டாள்? கல்யாணத்தன்று ஆரத்தி எடுக்கும்போதே "குனிடி நெட்டக் கொக்கு" என்றவள் ஆயிற்றே.

"வாம்மா... ராக்கு..."

குரல் பக்கத்தில் வந்தது. காற்று அசையவில்லை, குரல் மட்டும் அசைந்தது. ராக்குவுக்கு உடம்பெல்லாம் மயிர் குத்திட்டு நின்றது. ஓடிவிடலாம்தான். ஓடவில்லை. இருந்த எச்சிலை எல்லாம் கூட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினாள்.

"ஏ கெழவி! மூக்காயி! சட்டிக்குள்ள தலையை விட்டு வழிச்சுத் தின்னவளே! எங்க போய் ஒளிஞ்சுக்கிட்ட?"

மேற்கே கேட்ட குரல் சட்டென்று நின்றது. அப்புறம் கிழக்கே, ஓர் உடைமுள் செடிக்குப் பின்னாலிருந்து, ஈர்க்குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

"எவடி அவ... மலட்டாட்டுக்காரி... செத்தவளைக்கூட நிம்மதியா விட மாட்டியா?"

ராக்கு சிரித்துவிட்டாளாம். அழுதுகொண்டே சிரித்தாளாம்.

மூக்காயி முள்நிழலில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. "ஆடுகூட நிக்காமப் போகுது. ஒனக்கு என்னடி கேடு?" என்றாள். "ஆட்டைக் கேட்டுக்கிட்டா ஒன் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன்? ஏறு முதுகுல" என்றாள் ராக்கு. முந்தானையைக் கிழித்துக் கிழவியைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். சுள்ளிக்கட்டின் கனம்கூட இல்லை.

வடக்கே நடந்தாள். முதுகிலிருந்து ஏச்சு, முன்னாலிருந்து எதிர் ஏச்சு.

"நடையா இது? நொண்டிக் கழுதை."

"எறக்கி விடட்டுமா?"

"விடேன். ஒன் முதுகெலும்பு என் நெஞ்சுல குத்துது."

"ஒன் வாய் என் காதுல குத்துது."

காலுக்குக் கீழே கல் சுட்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. இரண்டு பக்கமும் அந்த மற்றக் குரல்கள் கூடவே வந்தன, கண்ணே என்றும் ராசாத்தி என்றும். ராக்கு அவற்றுக்குக் காது கொடுக்கவில்லை. மூக்காயியின் வசவு ஒரு கயிறு மாதிரி. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அடுத்த அடி வைத்தாள்.

வெயில் சாய்ந்தபோது, பிடரியில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றுவிட்டதாம்.

பேச்சு நிற்கவில்லை.

கழுத்தைச் சுற்றிய கைகள் சில்லென்று ஆகி, இறுகி, மரக்கட்டை போல ஆயின. பேச்சு நிற்கவில்லை. "விரசா நடடி" என்றது. ராக்கு கவனித்தாள். கவனிக்காதவள் போல நடந்தாள். ஒருதடவைகூடத் தலையைத் திருப்பவில்லை. உசிரோட இருக்கியா என்று கேட்டுவிட்டால் பதில் வராமல் போய்விடுமோ என்று, கேட்கவே இல்லை.

கூட்டம் அன்றைக்கு ஒரு கல்மேட்டுக்குப் பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. முன்னால் ஆடு, பின்னால் ஆள். பின்னாலிருந்து ராக்குவின் குரல் கேட்டது.

"ஏங்க... நில்லுங்க!"

"திரும்பாதீங்க!" என்று கீதாரி கத்தினார். "இப்பத்தான் போனவ. அதுக்குள்ள அவ தொண்டையில பூந்துருச்சு."

சோணை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். காதுத் துணி வழியாகவும் அந்தக் குரல் நுழைந்தது. அப்புறம் இன்னொரு குரலும் நுழைந்தது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன.

"கூப்பிடுறாளாம் கூப்பிடு! சத்தமாக் கூப்பிடுடி, கருவாட்டை முழுங்குன பூனை மாதிரி."

"நீதான் கூப்பிடேன். ஒன் மகன்தான?"

"எம்மகனை நல்லாத்தான் வளத்தேன். நீ வந்துதான் செவிடாக்குன."

சோணை நின்றுவிட்டான்.

"பெரியப்பா, அது எங்காத்தாவும் எம்பொண்டாட்டியும்."

"பேயிடா!"

"பேய் கொஞ்சும் பெரியப்பா. இப்பிடிச் சண்டை போட எந்தப் பேய்க்குத் தெரியும்?"

காதுத் துணியைப் பிடுங்கி எறிந்தான். திரும்பினான். அவன் திரும்பியதும் எல்லாரும் திரும்பினார்கள். செம்மண் வெளியில் ராக்கு தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தாள், முதுகில் ஒரு பொதியோடு.

ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தார்கள். கீதாரி கிழவியின் கையைத் தொட்டார், கன்னத்தைத் தொட்டார், வெடுக்கென்று கையை எடுத்தார்.

"இது போயி வெகுநேரம் ஆச்சே. வெறைச்சுப் போச்சே."

அத்தனை பேரும் இரண்டு குரல் கேட்டவர்கள்தான். ராக்குவைப் பார்த்தார்கள். ராக்கு கிழவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த விறைத்த காதில் குனிந்து என்னமோ சொன்னாள். முந்தின நாள் கேட்டதற்குப் பதில் அது. என்ன பதில் என்று எவருக்கும் தெரியாது.

கீதாரி எழுந்தார். முகம் தெற்கே திரும்பியது. கம்பு கையிலிருந்து விழுந்தது. கூப்பிட்டாராம்:

"எலே இருளப்பா...!"

கண்ணே என்று ஏதும் வரவில்லை. வெகுதூரத்திலிருந்து, காய்ந்த தொண்டையில், "ஏண்டா அண்ணே, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா, நாறப் பயலே?" என்று வந்ததாம். கீதாரி மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார். ஒவ்வொருவரும் விட்டுவிட்டு வந்தவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு வசவு திரும்பி வந்தது. பொட்டல் முழுக்க வசவு. அதற்குப் பிறகு கானலுக்குள்ளிருந்து கொஞ்சுகிற குரல் அந்தப் பக்கம் கேட்டதே இல்லை.

இந்தக் கூத்தில் ஆட்டை மறந்துவிட்டார்கள். ஆடுகள் நிற்கவில்லை. புல் வாசம் பிடித்துக்கொண்டு, ஒன்றன் பின்னால் ஒன்றாக, வடக்கே போய்க்கொண்டே இருந்தன. புழுதி தெரிந்தது. அப்புறம் புழுதியும் தெரியவில்லை. அவை ஆற்றைக் கண்டு பிழைத்தன என்றுதான் சொல்கிறார்கள். ஆட்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

மூக்காயிக்குக் குழி தோண்டினார்கள். விழுந்தவர்களைத் தேடிப்போய் எடுத்துவந்து, அவர்களுக்கும் தோண்டினார்கள். ஆட்டுக்காரர்கள் தோண்டிப் பழகாதவர்கள். கை கிழிந்தது. இருளப்பனுக்குத் தோண்டிய குழியில் அடியில் மண் ஈரமாக இருந்ததாம். அவனை வேறிடத்தில் வைத்துவிட்டு அந்தக் குழியை இன்னும் தோண்டினார்கள். இருளப்பன் கிணறு என்று இன்றைக்கும் இருக்கிறது. தண்ணீர் லேசாகக் கரிக்கும். கோபம் இன்னும் தீரவில்லை என்பார்கள்.

அந்தப் பஞ்சத்தில் எத்தனையோ ஊர்க் கூட்டங்கள் அந்த வழியாகப் போயின. போகிற கூட்டங்கள் விட்டுவிட்டுப் போனவர்களை ராக்கு கல்மேட்டில் ஏறி நின்று வாய் கொள்ளாத வசவு வைது கூப்பிடுவாளாம். "எந்திரிச்சு வாடா சோம்பேறி! கஞ்சி ஆறுது!" குரலைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வருவார்களாம். ஆண், பெண், பால்குடி மறக்காத பிள்ளைகள். அப்படி வந்தவர்கள் கட்டிய ஊர்தான் பிரிஞ்சான்பொட்டல். கல்மேட்டில் தெற்கே முகம் காட்டி நிற்கிற கல்லுக்குப் பேர் வைதாள் கல்.

அந்த ஊரில் யாரைக் கேட்டாலும், "நாங்க ராக்காத்தா வகையறா" என்பார்கள். அவளுக்குத்தான் பிள்ளையே இல்லையே, எப்படி வகையறா என்று கேட்டுவிடாதீர்கள். ஒருத்தர் கேட்டு அடி வாங்கியிருக்கிறார். அவர் பேர் இப்போது எதற்கு?

வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்கள் முதலில் பதறிப்போவார்கள். கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவது எல்லா ஊரிலும் ஆகாது. பிரிஞ்சான்பொட்டலில் கூப்பிட்டே ஆக வேண்டும். சந்தைக்குப் போகிறவரானாலும் சீமைக்குப் போகிறவரானாலும், வைதாள் கல்லைத் தாண்டும்போது பின்னாலிருந்து யாராவது வைது கூப்பிடுவார்கள். போகிறவர் நின்று, திரும்பி, பதிலுக்கு வைதுவிட்டுத்தான் நடப்பார்.

கூப்பிட ஆள் இல்லாத நேரத்தில் கிளம்புகிறவர்களும் கல்லடியில் கொஞ்சம் தாமதிப்பார்கள். சில நேரம் கூப்பிடும். ஈர்க்குச்சி ஒடிகிற மாதிரி, கல்லுக்குப் பின்னாலிருந்து. பயப்படக் கூடாது. திரும்பி, "வாறேன், கத்தாத கெழவி!" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் போனவர் யாரும் திரும்பி வராமல் போனதில்லையாம்.